குழாயும் சுவிட்சும் இல்லாத வீடு: விக்டோரியா காலத்தைச் சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை

பிரிட்டனை விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை ஆண்டார் என்று பாடத்தைத் தொடங்கினால் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒன்றும் பிடிபடாது. அதற்குப் பதிலாகத் தரையில் ஒரு கயிற்றை விரியுங்கள். ஓர் ஆண்டுக்கு 1 செ.மீ. என்பது கணக்கு. ஒரு முனை இன்று. அங்கிருந்து 6 செ.மீ. தள்ளிக் குழந்தை பிறந்த இடத்தில் ஒரு முடிச்சு, சுமார் 65 செ.மீ. தள்ளிப் பாட்டிக்கு ஒரு முடிச்சு. விக்டோரியா காலம் 125 செ.மீ. அளவில் தொடங்கி 190 செ.மீ. வரை போகும். பாட்டியைத் தாண்டி இன்னும் அத்தனை தூரம் நடக்க வேண்டுமா என்று குழந்தைகளே கேட்பார்கள்.

அடுத்தது படங்களைப் பிரிக்கும் விளையாட்டு. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பழைய பொருள்கள் கறுப்பு வெள்ளையிலும் புதியவை வண்ணத்திலும் இருந்தால் குழந்தைகள் நிறத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள். எல்லாப் படங்களையும் ஒரே நிறத்தில் அச்சிடுங்கள். ‘அன்று’, ‘இன்று’ என்ற இரண்டு வட்டங்களுக்கு நடுவே ‘இரண்டு காலத்திலும்’ என்று மூன்றாவது வட்டமும் தேவை. நாற்காலி, கட்டில், கடிகாரம், துடைப்பம் எல்லாம் அதில் வரும். அந்த வட்டம் இல்லாவிட்டால், அந்தக் காலத்தில் வீட்டில் எதுவுமே இல்லை என்ற எண்ணம் குழந்தைக்கு வந்துவிடும்.

படங்களைப் பெயர் சொல்லிக் கேட்பதைவிட வேலையைச் சொல்லிக் கேட்பது நல்லது. “சூடு எங்கிருந்து வந்தது? வெளிச்சம்? தண்ணீர்?” இந்த மூன்று கேள்விகளிலேயே பெரும்பாலான வேறுபாடுகள் அடங்கிவிடும். சூட்டுக்கு அறைதோறும் நிலக்கரிக் கணப்பு. சமைக்க ‘ரேஞ்ச்’ என்ற வார்ப்பிரும்பு அடுப்பு. கரியை வாளியில் தூக்கி வர வேண்டும், மறுநாள் காலை சாம்பலை அள்ள வேண்டும். துணி தேய்க்கும் இரும்பும் இந்த அடுப்பின் மேல்தான் சூடாகும். படம் தேடும்போது உள்ளே கரி போடும் நம் ஊர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். அங்கே சாதாரண வீடுகளில் இருந்தது கைப்பிடி வைத்த திட இரும்புக் கட்டி. ஒன்றால் தேய்க்கும்போது மற்றொன்று சூடேறும் என்பதால் இரண்டு வைத்திருப்பார்கள்.

வெளிச்சத்துக்கு அறையை இருட்டாக்கி, பேட்டரி மெழுகுவத்தி ஒன்றை மட்டும் வைத்துப் படப் புத்தகம் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான சுடர் வேண்டாம். சாதாரண 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் ஒளிக்கு ஏறத்தாழ அறுபது மெழுகுவத்திகள் வேண்டும்.

மிக நன்றாக எடுபடுவது சலவை நாள். பல வீடுகளில் அது திங்கட்கிழமை. செங்கல் கட்டில் பதித்த செம்புக் கொப்பரையில் தண்ணீரைக் காய்ச்சி, தொட்டியில் ஊற்றி, கால்கள் வைத்த மரக்கட்டையால் துணியைக் குடைந்து, வரிப்பலகையில் தேய்த்து, ‘மேங்கிள்’ என்ற இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிவார்கள். வகுப்பில் செய்ய இரண்டு தொட்டிகளில் 5 லிட்டர் வெதுவெதுப்பான நீர் போதும். துருவிய சோப்பு 2 தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள். அதிகமானால் எத்தனை முறை அலசினாலும் நுரை போகாது. சேற்றுக் கறை பட்ட கைக்குட்டைகளே போதும். துண்டு நனைந்தால் சிறு கைகளுக்குக் கனம். பிழிய, இரண்டு குழந்தைகள் எதிரெதிராக முறுக்கட்டும். தரை வழுக்கும், ஆகவே வெளியில் செய்யுங்கள்.

தண்ணீரை முன்கூட்டியே நிரப்பி வைக்காதீர்கள். ஆளுக்கு 1 லிட்டர் குவளையில் அவர்களே சுமந்து வந்து ஊற்றட்டும். தகரத் தொட்டியில் வாரம் ஒருமுறை குளியல், அதே நீரில் ஒருவர் பின் ஒருவராக என்பதன் காரணம் அப்போது தானாகப் புரியும்.

பணக்கார மாளிகையை மட்டும் காட்டுவது பெரிய பிழை. இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்தில் உள்ள கிராக்சைடு மாளிகையில் 1880-லேயே மின்விளக்கு எரிந்தது. பர்மிங்ஹாமிலோ, முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில் பல குடும்பங்களுக்கு முற்றத்தில் பொதுக் கழிப்பறையும் பொதுச் சலவை அறையும்தான். பழைய கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பாதுகாக்கும் அப்படிப்பட்ட வீடுகள் அங்கே இன்றும் உள்ளன. இரண்டின் படங்களையும் அருகருகே வையுங்கள்.

பிரிட்டனில் வாழும் குழந்தை என்றால் அதன் வீடே விக்டோரியா கால வீடாக இருக்கலாம். தெருவில் நடந்து கூரைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். புகைபோக்கியின் உச்சியில் நிற்கும் மண்குழல் ஒவ்வொன்றும் பொதுவாகக் கீழே இருந்த ஒரு கணப்புக்கு உரியது. வரிசை வீடுகளில் ஒரே புகைபோக்கியை இரண்டு வீடுகள் பகிர்ந்திருக்கும். எனவே எண்ணும்போது பாதியைப் பக்கத்து வீட்டுக்கு விட வேண்டும். பிறகு உள்ளே வந்து, எந்தெந்தச் சுவரில் அந்தக் கணப்புகள் அடைக்கப்பட்டிருக்கின்றன என்று தேடட்டும்.