உப்புக்காற்றில் பொலிமர் பிஸ்டல்: பராமரிக்கும் முறை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அனுமதிப்பத்திரத்தோடு பிஸ்டல் வைத்திருப்பவரிடம் "எண்ணெய் பூசி எவ்வளவு காலம்?" என்று கேட்டால், "இது பிளாஸ்டிக்தானே, துருப்பிடிக்காது" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதில் ஒரு பங்குதான் உண்மை. கையால் பிடிக்கும் பிரேம் நைலோன் வகைப் பொலிமர். அதற்கு உப்பும் வியர்வையும் ஒன்றும் செய்யா. ஆனால் மேலே ஓடும் ஸ்லைட், குழல், ஸ்பிரிங்குகள், ஊசிகள், ஸ்லைட்டை மறிக்கும் நெம்பு எல்லாமே உருக்கு. பிரேமுக்குள்ளேயும் ஸ்லைட் ஓடுவதற்கான நான்கு சிறிய உருக்குத் தண்டவாளங்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன. வேலை செய்வது முழுவதும் உருக்கு. பொலிமர் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகைப் பிஸ்டல்கள் பெற்ற நற்பெயர் சும்மா வந்ததல்ல. பொலிமர் பிரேமோடு தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் பிஸ்டல், ஜேர்மனியின் ஹெக்லர் அன்ட் கொக் 1970இல் வெளியிட்ட விபி70. அதன் விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி, மிகவும் கடினம், பெரிதாக எடுபடவில்லை. 1982இல் ஒஸ்ரிய இராணுவம் கிளொக் 17ஐ ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. பழைய பிரவுனிங் பிஸ்டலைக் கைவிட்டு 2013இல் பிரித்தானிய இராணுவமும் அதற்கு வந்தது. ரவை அடுக்கும் கூடான மகசின் வெறுமையாக இருக்கும்போது கிளொக் 17இன் எடை 700 கிராம் அளவுதான். அலுமினியப் பிரேம் கொண்ட பெரெட்டா 92 அதே நிலையில் 900 கிராமைத் தாண்டும்.

ஒருமுறை வாங்கியவர் அதே பிராண்டை விடாமல் பிடித்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. கிளொக் 17இன் மகசின் அதைவிடச் சிறிய 19இலும் 26இலும் பொருந்தும். விசையின் இழுவை எல்லா அளவிலும் ஒரே மாதிரி. வெளியே தட்டிவிட வேண்டிய பாதுகாப்பு நெம்பு கிடையாது. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறாது. இது நியாயமான பற்று. ஆனால் "எவ்வளவு கவனிக்காமல் விட்டாலும் இது வேலை செய்யும்" என்று அந்தப் பற்று சொல்ல வைக்கும்போதுதான் பிஸ்டல் கெடத் தொடங்குகிறது. எந்தப் பிராண்டும் குறையே இல்லாமல் வந்ததில்லை. நான்காம் தலைமுறைக் கிளொக்குகளில் ஸ்லைட்டை முன்னே தள்ளும் ரீகொயில் ஸ்பிரிங்கை 2011இல் உற்பத்தியாளரே மாற்றிக் கொடுத்தார். சிக் சோவர் பி320 கீழே விழும்போது வெடிக்கக்கூடும் என்ற கேள்வி எழுந்ததும், 2017 ஓகஸ்டில் விசைப் பகுதியை மேம்படுத்தித் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உங்கள் பிஸ்டலின் தொடர் இலக்கம் இப்படி ஏதாவது அறிவிப்புக்குள் வருகிறதா என்று உற்பத்தியாளரிடம் கேட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் மற்றதைத் தொடங்காதீர்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டில் இந்தப் பிஸ்டல்களைப் புகழ்பவர்கள் ஆயிரக்கணக்கில் ரவைகளைச் சுட்டுவிட்டுப் பேசுகிறார்கள். இங்கே ஒரு பிஸ்டல் வருடக்கணக்கில் அலுமாரிக்குள் கிடக்கிறது. சுடுவதால் தேய்வது குறைவு, கிடப்பதால் கெடுவது அதிகம். எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கார்த்திகை, மார்கழி மாரியில் அலுமாரிக்குள் உடுப்பே பூஞ்சணம் பிடிக்கிறது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் ஈரம் குறைந்தாலும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்துப் புழுதி மாவைப் போல எல்லா இடுக்கிலும் நுழைந்துவிடும். ஆகவே இங்கே "எத்தனை ரவைக்கு ஒருமுறை" என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. மாரியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மற்றக் காலத்தில் மாதம் ஒருமுறை, சுட்டால் அன்றைக்கே. உடம்போடு ஒட்டி அணிபவர் வாரம் ஒருமுறை. வியர்வையும் உப்புத்தானே.

கழற்றுவதற்கு முன்

பிஸ்டலைத் துடைக்கும்போது நடக்கும் விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் பிழை ஒன்றே. வரிசையை மாற்றிச் செய்வது. மகசினைக் கழற்றாமல் ஸ்லைட்டை இழுத்தால், குழலின் பின்முனையில் ரவை இருக்கும் அறைக்குள் இருந்த ரவை வெளியே துள்ளும். கண்ணால் பார்த்துத் திருப்திப்படுவோம். ஆனால் ஸ்லைட் திரும்பும்போது மகசினிலிருந்து அடுத்த ரவை அறைக்குள் ஏறிவிடும். அதன் பிறகு மகசினைக் கழற்றினாலும் பிஸ்டல் நிரம்பியே இருக்கும். கிளொக்கைக் கழற்ற விசையை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால் இந்தப் பிழைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

சரியான வரிசை இது. ரவைகள் எதுவும் இல்லாத மேசையைத் தெரிந்தெடுங்கள். குழலின் முன்முனையான முகவாயை மண் மூட்டை, மணல் நிரப்பிய வாளி போன்ற ஒன்றுக்கு நேரே வைத்து, விரலை விசைக்கு வெளியே வைத்துக்கொண்டு முதலில் மகசினைக் கழற்றி வேறு அறைக்கு அனுப்புங்கள். பிறகு ஸ்லைட்டை மூன்று தரம் முழுமையாக இழுத்து விடுங்கள். நான்காவது தரம் பின்னால் பூட்டி, வெளிச்சத்தில் அறைக்குள் பாருங்கள். பார்த்தது போதாது, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். அறை வெறுமையாக இருந்தால் விரலுக்கு வட்டமான குழி தட்டுப்படும். ரவை இருந்தால் தட்டையான பித்தளை தட்டுப்படும். மாலை வெளிச்சத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

இப்போது ஸ்லைட்டை முன்னே விட்டு, அதே வாளிக்கு நேரே பிடித்து விசையை அழுத்துங்கள். ஸ்லைட்டை மேலிருந்து பிடித்து மூன்று மில்லிமீற்றர் அளவு மட்டும் பின்னால் இழுத்து, பிரேமின் இரு பக்கமும் உள்ள சிறிய பூட்டைக் கீழே இழுத்தால் ஸ்லைட் முன்பக்கமாகக் கழன்று வரும். அதிகமாக இழுத்தால், ரவையைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான பயரிங் பின் மீண்டும் விசையில் மாட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தள்ளினாலும் கழலாது. புதியவர்கள் சுத்தியல் தேடுவது இந்த இடத்தில்தான். தேட வேண்டாம், முன்னே விட்டு மறுபடி தொடங்குங்கள். பி320, ஸ்மித் அன்ட் வெசன் எம்அன்ட்பி போன்றவற்றை விசையை அழுத்தாமலே கழற்றலாம். அதற்காக அறையைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

ஸ்லைட், குழல், ரீகொயில் ஸ்பிரிங், பிரேம் என்று நான்கு துண்டுகள் கையில் இருக்கும். வீட்டில் இதற்கு மேல் பிரிக்க வேண்டியதில்லை.

துடைத்தல், எண்ணெய் விடுதல்

குழலை எப்போதும் அறைப் பக்கத்திலிருந்து முகவாய் நோக்கித் துடைக்க வேண்டும். 9 மில்லிமீற்றர் குழலுக்கான தூரிகையை ஐந்தாறு தரம் ஓட்டி, பிறகு சுத்தமான பருத்தித் துணித் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செலுத்துங்கள். கடைசித் துண்டு வெள்ளையாக வர வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம், சாம்பல் நிறம் போதும். கபில நிறம் வந்தால் அது துரு. அதை விடக் கூடாது.

துருவைத் தேட வேண்டிய இடங்கள் வேறு. கிளொக்கின் ஸ்லைட்டும் குழலும் நைதரசன் ஊட்டிக் கடினமாக்கப்பட்டவை. அவை எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆகவே வெளியே கறுப்பாக மினுங்குவதைப் பார்த்து ஆறுதலடையக் கூடாது. ஸ்லைட்டை மறிக்கும் நெம்பின் ஓரத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செங்கல் பொடி போன்ற தூள் நகத்தில் ஒட்டினால் துரு தொடங்கிவிட்டது. ஊசிகளின் தலை, மகசின் பூட்டின் கம்பி ஸ்பிரிங், குறிபார்க்கும் கட்டையின் அடிப்பாகம், ரவைக் கோதை இழுத்தெடுக்கும் கொக்கியின் நகம் ஆகியவற்றையும் இதேபோலப் பாருங்கள். இலேசான துருவை எண்ணெய் தொட்ட நைலோன் பல்தூரிகை எடுத்துவிடும். உப்புத்தாள் போடாதீர்கள். மேற்பூச்சு போய்விட்டால் அந்த இடம் அடுத்த மாரியில் இரட்டிப்பாகத் துருப்பிடிக்கும்.

எண்ணெய் விடயத்தில் நம் பக்கத்தில் இரண்டு பிழைகள் வழக்கம். ஒன்று, தேங்காயெண்ணெய். கைக்குக் கிட்ட இருக்கிறது, மணமும் நல்லது. ஆனால் நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பசையாகும், எறும்பையும் அழைக்கும். 24 பாகைக்குக் கீழே உறையும். மாரி இரவில் அந்தக் குளிர் வருவது உண்டு. சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். மற்றது, மண்ணெண்ணெயால் கழுவி அப்படியே வைப்பது. மண்ணெண்ணெய் அழுக்கை நன்றாக எடுக்கும். ஆனால் காய்ந்ததும் உருக்கில் எந்தப் பாதுகாப்புப் படலமும் இருக்காது, அடுத்த நாளே உப்புக்காற்று வேலையைத் தொடங்கும். துவக்கு எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஓட்டத்துக்குப் போதும். ஆனால் துருவைத் தடுக்கும் சக்தி அதில் குறைவு. இரட்டிப்புத் தடவை துடைக்க வேண்டியிருக்கும்.

அளவு ஐந்தாறு துளி, அதற்கு மேல் இல்லை. ஸ்லைட்டின் இரு பள்ளங்களுக்கும் ஒவ்வொன்று, குழலின் வெளிப்புறத்துக்கு ஒன்று, குழல் உரசும் ஸ்லைட்டின் உட்கூரைக்கு ஒன்று. பிரேமின் பின்வலது மூலையில் விசைச் சட்டம் தொடும் வளைவுக்கு ஒன்று. அந்தக் கடைசித் துளியை மறந்தால் விசை கடினமாகும். வெளி உலோகம் முழுவதையும் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவினால் போதும். புதிய கிளொக்கின் உட்பக்கத்தில் செம்பு நிறக் கிறீஸ் இருந்தால் அதைத் துடைத்தெறிய வேண்டாம். தொடக்கத் தேய்மானத்துக்கென்றே பூசப்பட்டது அது.

பயரிங் பின் ஓடும் குழிக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. உள்ளே போன எண்ணெய் புகைக்கரியோடும் புழுதியோடும் சேர்ந்து களிம்பாகும். பயரிங் பின் மெதுவாக ஓடி ரவையின் பின்புறத்தை இலேசாகக் குத்தும், ரவை வெடிக்காது. "ரவை பழுது" என்று வீசப்பட்டவற்றில் சில இந்தக் களிம்பின் குற்றம். ஸ்லைட்டைத் துடைக்கும்போது அதன் முகப்பை, பயரிங் பின் துளை உள்ள பக்கத்தை, கீழ்நோக்கிப் பிடித்தால் எண்ணெய் உள்ளே வழியாது.

திரும்பப் பூட்டியதும் வெறும் பிஸ்டலை 45 பாகை மேல்நோக்கிப் பிடித்து, விசையை அழுத்தி விடாமல் பிடித்தபடி ஸ்லைட்டை முழுமையாகப் பின்னிழுத்து, மெதுவாக முன்னே விடுங்கள். அது தானாகவே கடைசி வரை போய் மூட வேண்டும். பாதியில் நின்றால் ரீகொயில் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது பள்ளத்தில் அழுக்கு இருக்கிறது. துடைத்த பிறகும் நின்றால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். பிறகு விசையை மெதுவாக விடுங்கள், ஒரு "கிளிக்" கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தப் பிஸ்டலில் ரவை ஏற்றாதீர்கள்.

மகசினும் ரவையும்

பிஸ்டல் சிக்கினால் ஆட்கள் பிஸ்டலைத்தான் திட்டுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது மகசின். கிளொக்கின் மகசின் உருக்குக் கூட்டின் மேல் பொலிமர் போர்த்தியது. உள்ளே உள்ள ஸ்பிரிங் துருப்பிடித்தால் ரவை மேலே வரத் தாமதிக்கும். ஸ்லைட் அதைத் தாண்டி ஓடிவிடும். அடித்தட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும், கட்டைவிரலால் அமர்த்திப் பிடியுங்கள். உள்ளே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மகசினுக்குள் எண்ணெய் வேண்டாம், அது ரவைக்குள் ஊறும்.

ஒரே ரவையை நாள்தோறும் ஏற்றி இறக்குவதும் கெடுதி. ஒவ்வொரு தடவையும் ரவையின் முனையிலுள்ள சன்னத்தின் மூக்கு அறையின் வாயில் மோதி, கோதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். உள்ளிடம் சுருங்கினால் வெடிக்கும்போது அமுக்கம் எல்லை தாண்டும். மேசையில் நான்கைந்து ரவைகளைப் பக்கத்துப் பக்கமாக நிறுத்துங்கள். ஒன்று மட்டும் குட்டையாகத் தெரிந்தால் அதைத் தனியே ஒதுக்கி, ரவை வழங்கிய இடத்தில் ஒப்படையுங்கள். பச்சை படிந்த பித்தளையும் அவ்வாறே.

பொலிமருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஸ்லைட் பின்னால் ஓட, பிரேம் அசையாமல் நிற்க வேண்டும். பிரேம் கனமில்லாததால் அதை நிறுத்தி வைப்பது கையின் வேலை. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் பிரேமும் சேர்ந்து பின்னே போகும், ஸ்லைட் முழுத்தூரம் ஓடாது, வெற்றுக்கோது வாயில் நெட்டுக்குத்தாக நின்றுவிடும். ஒருவர் கையில் சிக்கும் பிஸ்டல் இன்னொருவர் கையில் சிக்காமல் ஓடினால், கழற்றிப் பார்க்க வேண்டியது பிஸ்டலை அல்ல.

வைக்கும் இடம்

தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். உறையின் தையல் கோட்டுக்கு நேரே ஸ்லைட்டில் துரு வரி விழும். உறை வெளியே தொங்கட்டும். பிஸ்டல் பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்குள், 100 கிராம் சிலிக்கா ஜெல் பையோடு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கட்டும். நிறம் மாறும் மணிகள் நிறம் மாறியதும், பையிலிருந்து கொட்டி, அடி தடித்த சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுத்து ஈரத்தைப் போக்கலாம். சமைக்கும் சட்டியைப் பயன்படுத்தாதீர்கள்.

வாவியிலோ கடலிலோ விழுந்தால் நேரம்தான் எல்லாம். ரவைகளை அகற்றிக் கழற்றி, உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் இருப்பதால் கராஜில் விற்கும் பற்றரித் தண்ணீர் இரண்டு லீற்றர் வாங்கிக் கடைசி அலசலை அதில் செய்வது நல்லது. விசிறிக் காற்றில் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். நனைந்த ரவைகளை நம்ப வேண்டாம். பயரிங் பின் குழிக்குள்ளும் உப்புநீர் போயிருக்கும். அதைத் திறப்பது அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரின் வேலை.

அவரிடம் கொண்டுபோகும்போது அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதியும் கையில் இருக்க வேண்டும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் பொருள் இது, பக்கத்துப் பட்டறையில் கொடுத்து வாங்கக் கூடியதல்ல. கிளொக்கைக் கொடுக்கும்போது தொடர் இலக்கம் பிரேமிலும் ஸ்லைட்டிலும் குழலிலும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து எழுதி வைத்து, திரும்ப வாங்கும்போது மூன்றையும் மறுபடி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.