மனநலக் கவுன்சிலிங் தொடங்குகிறீர்களா? முதல் நாள் நடப்பது இதுதான்

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியும் எனக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்புத் தட்டிவிடும். அப்புறம் தூக்கம் கிடையாது. ஆபீஸில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கண் கலங்கும். கவுன்சிலிங் போனேன். ஒரே நாளோடு நிறுத்தினேன். ஐந்து மாதம் கழித்து வேறொருவரிடம் மறுபடி தொடங்கினேன். முதல் நாள் என்ன நடக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

1. ஆளைத் தேர்ந்தெடுப்பது

இந்தத் துறையில் இருப்பவர்களில் மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர் மட்டுமே. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் உளவியலாளர்) என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு இருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். 'கவுன்சிலர்' என்று பலகை வைத்திருப்பவர்களில் முதுகலை படித்தவர்களும் உண்டு, சில வாரச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அதனால் படிப்பு என்ன, யாரிடம் பயிற்சி எடுத்தார் என்று கேட்டுவிட்டே நேரம் வாங்குங்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

2. போவதற்கு முந்தின நாள்

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். போனில் குறித்துக்கொள்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பும் சேர்ந்து திறக்கும். எப்போதிலிருந்து இப்படி, தூக்கம் எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மூன்று வரி போதும். முதல் சந்திப்பு மட்டுமாவது நேரில் இருக்கட்டும். வீடியோ அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

3. முதல் சந்திப்பு

நான் சறுக்கிய இடம் இது. ஏதோ பதில் கிடைக்கும் என்று நம்பிப் போயிருந்தேன். கிடைத்ததெல்லாம் கேள்விகள். வீட்டில் யார் யார், பசிக்கிறதா, இதற்கு முன் இப்படி இருந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனநலச் சிக்கல் உண்டா, குடிப்பழக்கம் உண்டா. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாளும் கொடுத்தார்கள், மனச்சோர்வை அளக்கும் அதை பி.எச்.க்யூ-9 என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஐம்பது நிமிடம் முடிந்ததும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார். 1,200 ரூபாய் கொடுத்து என் கதையை நானே சொல்லிவிட்டு வந்த மாதிரி இருந்தது. அன்று இரவு வழக்கத்தைவிட மோசம்.

இரண்டும் இயல்புதான். முதல் நாள், சில நேரம் இரண்டாம் நாளும், விவரம் கேட்பதிலேயே போய்விடும். மூடி வைத்ததைத் திறந்த அன்று மனம் கனக்கத்தான் செய்யும். அன்று மாலை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. 'உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா?' என்று கேட்பார்கள். பொதுவாகப் புதிதாக வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. நான் முதல் தடவை "இல்லை" என்று பொய் சொன்னேன். காலையில் எழுந்திருக்காமலே போனால் தேவலை என்று நினைத்த இரவுகள் இருந்தன. இரண்டாவதாக நான் போய்ப் பார்த்தவரிடம் அதைச் சொன்னபோது அவர் பதறவில்லை, வீட்டுக்கும் போன் போடவில்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஏதாவது திட்டம் உண்டா என்று நிதானமாகக் கேட்டார். பிறகு, மூன்று மணிக்கு விழித்தால் யாரை அழைப்பது என்று இருவருமாக உட்கார்ந்து என் நோட்டில் எழுதினோம். என் சித்தி பெயர், அதற்குக் கீழே 14416 (டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்). அந்தப் பக்கத்தை எழுதிய பிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

4. அடுத்த சில வாரங்கள்

'இப்படிச் செய்' என்று நேரடியாகச் சொல்லமாட்டார்கள். வீட்டில் செய்யச் சின்னச் சின்ன வேலை தருவார்கள். எனக்குத் தூக்க அட்டவணை எழுதும் வேலை. மூன்று நான்கு தடவை போயும் ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள். முறையை மாற்றுவார், இல்லையென்றால் வேறொருவரிடம் அனுப்புவார். என்னைப் போல் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வீடியோவில் எப்படிப் பேசுவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இயர்போன் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது, நாம் பேசுவது கேட்கும். நான் மொட்டை மாடிக்குப் போனேன். கதவுக்கு வெளியே டிவியைச் சத்தமாக வைத்ததாக ஒரு வாசகி எழுதினார், அதுவும் நல்ல யோசனை.

இன்னொரு பின்சேர்க்கை: வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கல்லூரி மாணவர் பயந்து எழுதியிருக்கிறார். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்த இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்றால் பெற்றோரைச் சேர்த்துக்கொள்வார்கள். தம்பி, உட்கார்ந்ததும் "எதையெல்லாம் வெளியே சொல்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு அப்புறம் பேச ஆரம்பியுங்கள்.