மூக்குப்பொடி அளவு விதையும் செம்பனை நாற்றுப் பழக்கமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நாற்று வளர்த்துத் தேர்ந்தவரிடம், காட்டில் நிழலில் வளரும் பிகோனியா என்ற சிறு பூச்செடியின் விதையைக் கொடுத்தால், கை தானாகவே குழி பறிக்கப் போகும். தவறு அங்கேயே தொடங்குகிறது. அருகிலுள்ள ஈப்போ நகரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் குன்றுகள் கல்லுடைப்பில் கரைந்துகொண்டிருக்கின்றன. மலேசியாவின் சுண்ணாம்புப் பாறைப் பிகோனியாக்களில் சில, ஒரே குன்றைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அவற்றைக் காப்பாற்றிக் காட்டுக்கே திருப்பத்தான் விதையிலிருந்து நாற்று வளர்க்கிறோம். அவற்றின் விதை மூக்குப்பொடி போன்றது. ஒரு தும்மலில் காணாமல் போகும்.

அந்த விதைக்குள் சேமித்த உணவு ஏறக்குறைய இல்லை. முளைக்க வெளிச்சமும் வேண்டும். மண்ணால் மூடினால் முளை மேலே வராது. உலர்ந்த நுண்மணலோடு கலந்து, ஈரமான கலவையின்மேல் தூவிவிட்டால் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூவுங்கள்.

அடுத்தது தண்ணீர். குழாயைத் திறந்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கும். துளையுள்ள தட்டை ஆழமில்லாத தண்ணீரில் வைத்தால் கலவை அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மேலே தெளிவான பிளாஸ்டிக் மூடி, நிழலான வெளிச்சத்தில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் மூடிக்குள் நாற்று வெந்துவிடும். முளைத்ததும் மூடியை ஒரேயடியாக எடுக்காமல் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும்.

தோட்டத்துச் செம்மண், உரம் இரண்டுமே இங்கே வேண்டாம். சலித்த இலைமட்கோடு நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்து, கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் நாற்றழுகல் வரும்: தண்டு அடியில் கருத்து, நாற்று சாய்ந்துவிடும். சுண்ணாம்பு என்றதும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்காதீர்கள். அதன் காரம் வேரைப் பொசுக்கும்.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். சேகரிப்பில் செய்வது அப்படியல்ல. வனத்துறை அனுமதி இல்லாமல் குன்றில் கை வைக்கக் கூடாது. பச்சைக் காயைப் பறித்தால் விதை முற்றியிருக்காது. பழுப்பாகும்வரை காத்திருந்து, பெரும்பகுதியைச் செடியிலேயே விட்டுவிட்டுக் காகித உறையில் எடுங்கள். பிளாஸ்டிக் பை வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரே செடியின் விதை மட்டும் என்றால் நாற்றுகள் அத்தனையும் உடன்பிறப்புகள்; பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தனித்தனி உறையில் போடுங்கள்.

என் கணிப்பில் மிகப் பெரிய தவறு, பெயர்ச்சீட்டு எழுதாமல் விடுவது. எந்தக் குன்று, எந்தத் தாய்ச்செடி, எந்தத் தேதி என்று தெரியாத நாற்று அழகுச் செடி மட்டுமே. காட்டுக்குத் திருப்ப உதவாது. வீட்டுப் பிகோனியாவுக்குப் பக்கத்தில் பூக்கவிட்டு எடுத்த விதையும் அப்படித்தான், கலப்பாகியிருக்கலாம். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும்.