கடைக்கு வெப்சைட் போடுகிறீர்களா? மதுரைச் சிறு வியாபாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு கடைகளின் வெப்சைட்டில் தென்படும் கோளாறுகளில் பாதிக்கு ஒரே மூலம்தான்: வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸ் பேனரை அப்படியே இணையத்தில் ஏற்றிவிடுவது. பேனரைத் தெருவில் போகிறவர் பார்ப்பார். வெப்சைட்டைத் திறப்பவரோ பெரும்பாலும் மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி, மறுகைப் பெருவிரலால் தேடுகிறவர். என்ன கிடைக்கும், என்ன விலை, கடை திறந்திருக்கிறதா, எப்படி வருவது என்ற நான்கும் அவருக்கு உடனே தெரிய வேண்டும். ஒரு சுங்குடிச் சேலைக் கடையை வைத்தே பார்ப்போம்.

முதல் தவறு, எழுத்தைப் படமாக்குவது. கடைப் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் ஒரே டிசைனுக்குள் இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குச் செய்த படம் 360 பிக்சல் அகலமுள்ள போன் திரைக்குள் சுருங்கும்போது, 24 பிக்சல் எழுத்து 7 பிக்சலாகிவிடும். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது, முகவரியை காப்பி செய்ய முடியாது. லோகோவைத் தவிர எந்த எழுத்தும் படத்துக்குள் இருக்கக் கூடாது.

இதைவிட மோசமானது பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். நோட்டீஸ் அடிக்க டிடிபி சென்டரில் தட்டிய ஃபைலை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால், அந்த ஃபான்ட் உள்ள கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும். மற்றவர் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவியும். கூகுளில் 'மதுரை சுங்குடி' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் சிக்கவே சிக்காது. சோதிப்பது சுலபம்: பக்கத்திலிருந்து ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட், அதாவது எல்லா போனிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறை. இல்லையென்றால் மாற்றிக் கருவியில் போட்டு மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படித்தாக வேண்டும். நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களையும் மெயில் முகவரியையும் கருவி பாமினி என்றே நினைத்து உளறலாக்கிவிடும்.

ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைப் போடும்போது வரி இடைவெளியைக் கூட்டுங்கள். எழுத்தின் அளவைப் போல 1.2 மடங்கு மட்டும் விட்டால் மேல்வரி 'சு'வின் வால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடிக்கும். எழுத்து 16 பிக்சல், இடைவெளி 1.6 அல்லது 1.7 என்று வைத்தால் கண்ணுக்கு இதம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரே எழுத்துரு, சாதாரணம், தடிமன் என்று இரண்டே வகை போதும். ஒவ்வொரு கூடுதல் வகையும் தனி ஃபைலாக இறங்கி நேரம் தின்னும். பட்டனில் 'எங்களைத் தொடர்பு கொள்ளவும்' என்று எழுதினால் இரண்டு வரியாக உடையும். 'அழைக்க', 'விலை', 'வழி' போதாதா?

அடுத்தது படம். போன் கேமராவில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலமும் நாலைந்து எம்பியும் இருக்கும். பன்னிரண்டு சேலைக்கு அப்படியே ஏற்றினால் ஒரு பக்கமே 50 எம்பி! 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) வடிவிலோ 75–80 தரமுள்ள ஜேபெக்காகவோ (JPEG) சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். பட்டியலில் வரும் சின்னப் படத்துக்கு 500 பிக்சலே அதிகம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். அது ஏற்கெனவே நசுங்கியது, புள்ளிகள் கலங்கித் தெரியும். டியூப்லைட்டில் எடுத்தால் நிறமும் மாறும். பகலில், நேர் வெயில் படாத வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். சேலைக்கு நாலு படம்: முழுசு, பார்டர், முந்தி, புள்ளி நெருக்கத்தில். கையால் முடிச்சிட்டதா, அச்சா என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். விலை வித்தியாசமே அதில்தானே இருக்கிறது. நீளம் எத்தனை மீட்டர், ப்ளவுஸ் சேர்த்தா என்பதும் வேண்டும். 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால் பலர் அழைக்காமலே அடுத்த கடைக்குப் போவார்கள். சரியான விலை சொல்ல முடியாவிட்டால் 'இத்தனை ரூபாய் முதல்' என்றாவது போடுங்கள்.

நிறத்தில் மங்களம் பார்ப்பதில் தப்பில்லை, படிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். வெள்ளையில் மஞ்சள் எழுத்து 1.1ஐக்கூடத் தொடாது, பளிச் சிவப்பு 4ல் நின்றுவிடும், மெரூன் 10ஐத் தாண்டும். தானாக ஓடும் ஸ்லைடு, நகரும் எழுத்து, திறந்ததும் ஒலிக்கும் நாதஸ்வரம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். தை மாதத்திலும் ஆடித் தள்ளுபடி தொங்கினால் கடை நடக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

முகவரியில் 'மாசி வீதி, மதுரை' என்று மட்டும் போட்டால் கீழ, மேல, தெற்கு, வடக்கு என நாலு பக்கமும் அலைய வேண்டியதுதான். முழுப் பெயர், அடையாளமான இடம், வண்டி நிறுத்துமிடம், மேப் இணைப்பு எல்லாம் வேண்டும். மேப்பில் பதிந்த கடைப் பெயரும் எண்ணும் வெப்சைட்டில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணுக்கு முன் 91 சேருங்கள். கூட்டல் குறி, முன்சுழியம், இடைவெளி எதுவும் வேண்டாம். பட்டன் உயரம் 48 பிக்சல் இருந்தால் பெருவிரலுக்குத் தப்பாது. சித்திரைத் திருவிழா நாட்களில் கடை நேரம் மாறினால் முகப்பிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் பதிவாகிறது? வெப்சைட் செய்து தருபவர் தன் பெயரிலும் தன் மெயிலிலும் பதிந்துவிட்டால், புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். அவர் ஊர் மாறிவிட்டால், பை முதல் விசிட்டிங் கார்டு வரை அச்சடித்த அந்த வெப்சைட் முகவரி புதுப்பிக்கப்படாமல் வேறு யார் கைக்காவது போகலாம். கடையின் மெயிலில் பதிந்து, பாஸ்வேர்டை நீங்களே வைத்துக்கொண்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியை ஆன் செய்துவிடுங்கள்.