காலை ஓட்டத்தைக் கூட்டும்போது மாலையில் அடிக்கும் அசதி: காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

ஓட்டத்தின் அளவைக் கூட்டத் தொடங்கி இரண்டு, மூன்று வாரம் ஆனபிறகுதான் இது பெரும்பாலும் தலைகாட்டும். காலையில் ஓடி முடித்ததும் உடம்பு லேசாக இருக்கும். மதியம் வரை எந்தக் குறையும் தெரியாது. மாலை ஐந்து, ஆறு மணி ஆனால் கண் சொக்கும், தொடை கனக்கும், எடுத்த வேலையில் மனம் நிற்காது. இந்த இடத்தில் சிலர் மாலைக் காபியை ஒன்றுக்கு இரண்டாக்குகிறார்கள். சிலர் ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். முதல் வழி அசதியை வளர்க்கும், இரண்டாவது வழிக்கு அவசியமே இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் குறை முந்தைய இரவின் தூக்கத்தில் இருக்கும், அல்லது ஓடும் வேகத்தில், அல்லது ஓடிய பின் சாப்பிடுவதில். எதில் என்று தெரிந்தால் திருத்துவது கடினமல்ல.

எந்த அசதி என்று முதலில் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ‘டயர்ட்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால்தான் மருந்து மாறிப் போகிறது. கொட்டாவி, கண் எரிச்சல், படித்த வரியையே திரும்பப் படிப்பது, படுத்தால் சில நிமிடங்களில் தூங்கிப்போவது: இது தூக்கக் குறைவு. கை லேசாக நடுங்குவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது, இனிப்பைத் தேடுவது, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுவது: இது உணவுக் குறைவு. நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் படியேறும்போது தொடை கல்லாகக் கனப்பது, வழக்கமான வேகத்திலேயே மூச்சு வாங்குவது: பயிற்சி உடம்பின் தாங்குதிறனை மீறுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்ததால் வரும் மந்தம். இதைக் கண்டுபிடிக்கச் சின்னச் சோதனை: அசதி அடிக்கும் நேரத்தில் பத்து நிமிடம் சாதாரணமாக நடந்து பாருங்கள். நடக்க நடக்கத் தெளிந்தால் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். கால் மேலும் கனத்தால் உடம்பு உண்மையிலேயே ஓய்வு கேட்கிறது.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் நான்கே விஷயங்களைக் குறித்து வையுங்கள். எழுந்ததும் படுக்கையிலிருந்தபடியே எண்ணிய நாடித்துடிப்பு, தூங்கிய மணிநேரம், ஓடிய நிமிடமும் அதில் பட்ட சிரமமும் (1 முதல் 10 வரை), மாலை 6 மணிக்கு உடம்பில் இருக்கும் தெம்பு (1 முதல் 5 வரை). ஏழு நாள் குறிப்பை வரிசையாகப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மாலைத் தெம்பு 2-க்கு இறங்கிய நாட்களுக்கு முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று முதலில் பாருங்கள்.

தூக்கம்: கணக்கு பெரும்பாலும் இங்கேதான் இடிக்கிறது

6.30-க்கு எழுந்துகொண்டிருந்தவர் ஓடுவதற்காக 5 மணிக்கு எழத் தொடங்குகிறார். படுக்கும் நேரம் மட்டும் மாறவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், ஐந்து நாளில் ஏழரை மணி நேரம். அதாவது வாரத்துக்கு ஒரு முழு இரவுத் தூக்கம் காணாமல் போகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூங்கும்போதுதான் அது கரையும். கரைந்து முடியாத மிச்சத்தோடு அடுத்த நாள் தொடங்கினால் மாலையில் அது கண்ணை இழுக்கத்தான் செய்யும்.

பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். பயிற்சியைக் கூட்டும் காலத்தில் அந்த வரம்பின் கீழ்முனையில் நின்றால் போதாது. வழக்கமாகத் தூங்குவதைவிட அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். அலாரத்தை ஒரேயடியாக முன்னே இழுக்காமல் மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் நகர்த்துங்கள், படுக்கும் நேரத்தையும் அதே 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். ஒன்றரை மணி நேர மாற்றத்துக்கு இப்படி 18 நாள் ஆகும். அவசரப்படுவதால் எந்த லாபமும் இல்லை. விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்கி ஈடுகட்ட நினைத்தால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போய், மறுநாள் காலை மறுபடி சண்டைதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாண்டவேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று: காலை வெளிச்சம் உடலின் உள்கடிகாரத்தை முன்னே தள்ளும். விடிந்ததும் வெளியில் ஓடுகிறவருக்கு நாளடைவில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கே தூக்கம் வருவது இயல்பு. அதை அசதி என்று எண்ணி விரட்டாதீர்கள், போய்ப் படுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் போனின் வெளிச்சத்தில் உட்கார்ந்து தூக்கத்தைக் கலைத்தால், காலையில் கிடைத்த பலனை இரவில் தொலைத்ததாகிவிடும்.

காபியின் கணக்கும் இதில் சேர்ந்தது. உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தூங்கிவிட்டாலும் ஆழ்ந்த தூக்கம் குறையும். கருவுற்றிருப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது வெளியேற இன்னும் அதிக நேரம் பிடிக்கும். மதியம் 1 மணிக்குப் பிறகு காபியும் டீயும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மதியத்தில் குட்டித்தூக்கம் போட வசதி இருந்தால் 3 மணிக்கு முன்பாக, 20 நிமிடம். அலாரத்தை 25 நிமிடத்துக்கு வையுங்கள். முக்கால் மணி நேரம் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழவேண்டிவரும், அதன்பின் அரை மணி நேரம் தலை மந்தமாகவே இருக்கும்.

மெதுவாக ஓடவேண்டிய நாளில் மெதுவாக ஓடுங்கள்

இரண்டாவது பெரிய காரணம் வேகம். புதிதாகக் கூட்டுகிறவர்கள் எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில், கொஞ்சம் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். அது சுலபமான ஓட்டமும் ஆகாது, முறையான வேகப் பயிற்சியும் ஆகாது. களைப்பு மட்டும் மிஞ்சும். வாரத்தில் ஓடும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு, பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் இருக்கட்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நாடித்துடிப்பு பார்க்கும் கைக்கடிகாரம் இருந்தால், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழியுங்கள். 40 வயதுக்காரருக்கு 180 வரும், இது உச்சத் துடிப்பின் உத்தேச அளவு. அதில் 65 முதல் 75 சதவீதம், அதாவது 117 முதல் 135 வரை, சுலப ஓட்டம். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலேகூட மாறும் என்பதால் பேச்சுச் சோதனையையே இறுதித் தீர்ப்பாக எடுங்கள். வெயிலும் புழுக்கமும் உள்ள நாளில் அதே வேகத்துக்கே துடிப்பு ஏறும். அன்றைக்கு வேகத்தைக் குறைப்பதுதான் சரியான பயிற்சி.

சுமையை அளக்க எளிய வழி, நிமிடத்தைச் சிரம எண்ணால் பெருக்குவது. சிரமம் 3-இல் 40 நிமிடம் ஓடினால் 120. சிரமம் 8-இல் 25 நிமிடம் ஓடினால் 200. குறைந்த நேரம் ஓடிய நாளின் மாலையில் அதிகமாகக் களைத்தது ஏன் என்பது இந்தப் பெருக்கலிலேயே தெரிந்துவிடும்.

கூட்டுவதற்கு ஒரு மாதிரி: வாரம் நான்கு நாள், நாளுக்கு 25 நிமிடம், மொத்தம் 100. அடுத்த வாரம் இரண்டு நாட்களில் மட்டும் ஐந்தைந்து நிமிடம் சேர்த்து 110. மூன்றாம் வாரம் 120. நான்காம் வாரம் 90-க்கு இறக்குங்கள். ஐந்தாம் வாரம் மீண்டும் 120, ஆறாம் வாரம் 130. நான்காம் வாரத்தை யாரும் மனமுவந்து இறக்குவதில்லை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தாண்டிவிடுகிறார்கள். தசையும் தசைநாரும் ஏற்ற சுமைக்குப் பழகி வலுப்பெறுவது அந்த வாரத்தில்தான், தாண்டாதீர்கள். ஐந்தாவது நாளைச் சேர்க்க விரும்பினால் மொத்த நிமிடத்தைக் கூட்டாமல், இருக்கும் 120-ஐ ஐந்தாகப் பிரித்து 24 நிமிடமாக ஓடுங்கள். நாட்கள், நேரம், வேகம் மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தொடவேண்டும்.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது என்ற விதி எல்லோர் வாயிலும் இருக்கிறது. 2008-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று, புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து இதைச் சோதித்தது. இந்த விதிப்படி மெல்லக் கூட்டியவர்களுக்கும் அதைவிட வேகமாகக் கூட்டியவர்களுக்கும் காயம்பட்ட விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே எண்ணைவிட உங்கள் குறிப்பேட்டை நம்புங்கள். மாலைத் தெம்பு இரண்டு நாள் தொடர்ந்து 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மறுநாள் பாதி நேரம் மட்டும் ஓடுங்கள், அல்லது நடங்கள். காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 5-க்கு மேல் கூடி மூன்று நாள் அப்படியே நின்றால் இரண்டு நாள் முழு ஓய்வு. காய்ச்சலுக்கு முன்பும் அது இப்படி ஏறுவதுண்டு.

ஓடிய பின் சாப்பாடு

சமதரையில் ஓட, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கிலோ கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 6 கிலோமீட்டர் ஓடினால் 360. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததால் கல்லீரலில் சேமித்திருந்த சர்க்கரைச்சத்து ஏற்கெனவே கணிசமாகக் குறைந்திருக்கும். ஓட்டம் தசையில் உள்ளதையும் எடுத்துக்கொள்ளும். இந்த நிலையில் அரைகுறைக் காலை உணவோடு வேலைக்குக் கிளம்பினால், மதியம் பசி மீறி வயிறு முட்டச் சாப்பிடுவோம். உடல்கடிகாரம் இயல்பாகவே மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் சற்றுத் தொய்யும். இரண்டும் சேர்ந்தால் மாலை வரை எழ முடியாது.

ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கிராம் மாவுச்சத்தும், மொத்தமாக 20 கிராம் அளவுக்குப் புரதமும் சாப்பிடுங்கள். 60 கிலோ எடைக்காரருக்கு இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு வாழைப்பழம், இரண்டு முட்டை, 250 மில்லி பால் என்றால் இந்த அளவு வந்துவிடும். முட்டை வேண்டாதவர்கள் பருப்பு, தயிர், சோயா என்று எதிலிருந்து வேண்டுமானாலும் புரதத்தைச் சேர்க்கலாம். முக்கால் மணி நேரத்துக்குள் முடியும் சுலப ஓட்டத்துக்கு வெறும் வயிறு பரவாயில்லை. அதற்கு மேல் ஓடும் நாளிலும் வேகப் பயிற்சி நாளிலும் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும்.

மாலை 4 மணிக்குச் சிறு உணவு ஒன்று வையுங்கள்: ஒரு பழமும் ஒரு கைப்பிடிக் கடலையும் போதும். உணவுக் குறைவால் வரும் அசதிக்கு இதைப்போல விரைவாகப் பலன் தரும் திருத்தம் வேறில்லை.

எடை குறைக்க ஓடுகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும். ஓட்டத்தைக் கூட்டும் அதே வாரத்தில் உணவையும் குறைத்தால் உடம்பு இரண்டு பக்கமும் இழுபடும். குறைப்பது நாளுக்கு 300 கிலோ கலோரி அளவில் நிற்கட்டும், அதையும் ஓடிய பின் சாப்பிடும் வேளையிலிருந்து எடுக்காதீர்கள். பல மாதம் தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டுப் பயிற்சி செய்தால் ஹார்மோன்கள் குலைந்து எலும்பும் பலவீனப்படும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இதன் தெளிவான எச்சரிக்கை.

தண்ணீரை ஊகத்தில் குடிக்கவேண்டாம். ஓடும் முன்பும் பின்பும் வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். 62.4 கிலோ 61.7 ஆனால் 0.7 கிலோ குறைவு. அதன் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டரை, அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துக் குடியுங்கள், உணவில் வழக்கமான உப்பு இருக்கட்டும். ஒரே மூச்சில் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். தாகமில்லாமலே லிட்டர் கணக்கில் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தாகும்.

எல்லாம் சரியாக இருந்தும் போகாத அசதி

தூக்கம், வேகம், உணவு மூன்றையும் திருத்தி மூன்று, நான்கு வாரம் ஆகியும் தெம்பு ஏறவில்லை என்றால் இரத்தப் பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது. முதல் சந்தேகம் இரும்புச்சத்து. பாதம் தரையில் மோதுவதில் சிறிதளவு சிவப்பணுக்கள் உடையும், வியர்வையிலும் கொஞ்சம் போகும். அதோடு, ஓடிய சில மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைக்கும். மாதவிடாய் வரும் பெண்களுக்கும் இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் இந்தக் குறை எளிதில் வரும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கலாம். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை போடாதீர்கள், உடலில் மிகுந்துபோன இரும்பும் கெடுதல் செய்யும். உணவில் உள்ள இரும்பு நன்றாகச் சேர, சாப்பாட்டோடு காபி, டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். புளிப்புள்ள பழம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு, சர்க்கரை, பி12 மூன்றையும் அதே இரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். பலத்த குறட்டையும் காலையில் தலைவலியும் இருந்தால், எட்டு மணி நேரம் படுத்தும் தூக்கம் போதாமல் இருப்பதற்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், மயக்கம், தாறுமாறான படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அங்கேயே ஓட்டத்தை நிறுத்தி அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.