சம்பா மகசூலோடு மழை ஒட்டாத சிக்கல்: என் அனுபவம்

புள்ளியியல் இளநிலை இறுதியாண்டு புராஜெக்டுக்கு நான் எடுத்தது தஞ்சை மாவட்டச் சம்பா மகசூலும் மழையளவும். இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழு பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை, அதாவது தொடர்பே இல்லை என்றது. டெல்டாக்காரர் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

விலகி நின்ற புள்ளிகளை நீக்கினேன், மதிப்புகளுக்கு மடக்கை (லாக்) எடுத்தேன், ஒட்டுறவைக் கணக்கிடும் பியர்சன் முறையை விட்டு, தரவரிசையைப் பார்க்கும் ஸ்பியர்மேன் முறைக்கு மாறினேன். பலனில்லை.

வழி காட்டியது 2016. வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்த ஆண்டு அது. வயல்கள் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்ததை ஊரே பார்த்தது. அட்டவணையிலோ 2016இல் மகசூல் நன்றாக இருந்தது, 2017இல்தான் சரிந்தது. அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் காரணம் இருந்தது: மகசூல் ஜூலை முதல் ஜூன் வரையான வேளாண் ஆண்டுக்கு உரியது, அது முடியும் ஆண்டே தலைப்பில். மழைக் கணக்கோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. தையில் அறுக்கும் நெல்லுக்குப் பெய்த ஐப்பசி மழை முந்தைய ஆண்டின் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில், மழையை ஓராண்டு தள்ளிவைக்க 'லேக்' (lag) கட்டளை கொடுத்தும் கெழு இம்மியும் மாறவில்லை. இதைக் கவனியுங்கள்: ஆரோடு வரும் அடிப்படை லேக் மதிப்புகளை நகர்த்துவதில்லை, காலக்குறியை மட்டுமே மாற்றுகிறது. ஒட்டுறவுக் கணக்கு அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை.

அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையை மட்டும் கூட்டி, மழை ஆண்டுடன் ஒன்றைக் கூட்டி அட்டவணையில் தனி நெடுவரிசை அமைத்து, அதைக் கொண்டு இரு அட்டவணைகளையும் இணைத்தேன். 2016 மழை 2017 மகசூலுக்கு நேரே வந்தது, கெழுவும் ஏறியது. நிம்மதி! அடுத்து மேட்டூர் நீர்த்திறப்பையும் மாறியாகச் சேர்க்கப் போகிறேன்.