பலூன் எண்டோஸ்கோப்பி முடிந்த அன்று ராத்திரி வயிறு வலித்தால்

இரைப்பையோடு நிற்கிற சாதாரண எண்டோஸ்கோப்பியைக் காலையில் செய்துவிட்டு சாயங்காலம் மார்த்தாண்டத்தில் பஸ் இறங்குகிறவர்கள் எத்தனையோ பேர், அதில் தப்பில்லை. வாய் வழியாகச் சிறுகுடலின் உள்ளே வெகுதூரம் போகிற பலூன் எண்டோஸ்கோப்பி வேறு கதை. அதற்காகத் திருவனந்தபுரமோ மதுரையோ போகிறீர்கள் என்றால், அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலோ பக்கத்திலோ தங்குகிற மாதிரி போங்கள். காரணம், இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமான நீரைச் சுரக்கிற கணையம்.

2001இல் ஜப்பானிய மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ அறிமுகப்படுத்திய முறை இது. குழாயின் முனையில் ஒரு பலூன், அதன்மேல் மாட்டிய உறையின் முனையில் இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றி ஊதிப் பிடித்து, சட்டைக்கையைச் சுருட்டுவது போலக் குடலைச் சுருக்கிக்கொண்டே முன்னேறுவார்கள். முன்சிறுகுடல் கணையத்தின் தலையை வளைத்துக்கொண்டு கிடக்கிறது, கணையநீர் வந்து விழுகிற வாயும் அங்கேதான். அந்த இழுவையிலும் அழுத்தத்திலும் கணையம் வீங்கலாம் என்று கருதுகிறார்கள். அதனால்தான் அந்த வளைவைத் தாண்டும்வரை பலூனை ஊதாமல் போகப் பார்ப்பார்கள். பெரிய கணக்கெடுப்புகளில் ஆயிரம் பேருக்கு மூன்று பேர் அளவில்தான் இந்த வீக்கம் வந்திருக்கிறது, ஆகவே பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

போகும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியது: முன்பு கணைய வீக்கம் வந்ததா, பித்தப்பையில் கல் உண்டா, குடிப்பழக்கம் உண்டா (வீட்டார் பக்கத்தில் நின்றாலும் சொல்லுங்கள்), ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா. கேமரா மாத்திரை விழுங்கிப் பார்த்தால் போதுமா என்றும் கேளுங்கள். குடலில் அடைப்போ சுருக்கமோ இருந்தால் அது உள்ளே சிக்கிக்கொள்ளக்கூடும்.

சரி, பரிசோதனை முடிந்தாச்சு. வயிறு உப்புசமாக இருப்பது சகஜம், உள்ளே காற்று விட்டிருக்கிறார்கள். அது இடம் மாறும், காற்று பிரிந்தால் குறையும். கணைய வலி அப்படி அல்ல. மேல்வயிற்றின் நடுவில் பிடித்து முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும், மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலாம் போலிருக்கும், வாந்தி நிற்காது. பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். நம்ம ஊரில் உடனே "வாயுதான், சுக்கு கசாயம் குடி" என்பார்கள். குடிக்காதீர்கள். சோடாவும் வேண்டாம், மிச்சமிருக்கிற வலி மாத்திரையும் வேண்டாம். வாய்வழியாக ஒன்றும் எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு பலகை போல் இறுகினாலோ, காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, குடலில் ஓட்டை விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு.

அங்கே ரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ் என்ற கணைய நொதிகளின் அளவைப் பார்ப்பார்கள். இயல்பின் மேல் எல்லையைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்து, இந்த வலியும் இருந்தால் கணைய வீக்கம்தான். வலியே இல்லாமல் அமைலேஸ் மட்டும் ஏறுவது இந்தப் பரிசோதனைக்குப் பிறகு சாதாரணமாக நடக்கிறது, அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு அழ வேண்டாம். சிகிச்சை பெரும்பாலும் டிரிப்ஸும் வலிக்கு மருந்தும்தான், அநேகம் பேருக்குச் சில நாளில் சரியாகும். வலி அடங்கிப் பசி எடுத்ததும் டாக்டர் சொன்னபடி கஞ்சியில் ஆரம்பிக்கலாம், பொரித்த சாளையும் மரச்சீனியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பிய பிறகு வலித்தால் 108ஐக் கூப்பிட்டு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள். அவசரப் பிரிவில் எடுத்த எடுப்பிலேயே "இன்றைக்கு வாய் வழியாகச் சிறுகுடலில் பலூன் எண்டோஸ்கோப்பி செய்தார்கள்" என்று சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுங்கள். வெறுமனே வயிற்று வலி என்றால் கேஸ் ஊசி போட்டு அனுப்பிவிடவும் கூடும்.